ஐந்து கோப்பை, இரண்டு மணி நேரம்: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மது விதிகள் எப்படி வேலை செய்கின்றன?

2017 பிப்ரவரியில், அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு ஃபிரட்டர்னிட்டி விடுதியில் புதிய உறுப்பினர்களை வரவேற்கும் விருந்து நடந்தது. ஃபிரட்டர்னிட்டி என்பது ஒரே வீட்டில் தங்கியிருக்கும் ஆண் மாணவர்களின் சங்கம். புதிதாகச் சேர்ந்தவர்களில் 19 வயது மாணவர் ஒருவருக்கு 82 நிமிடங்களில் குறைந்தது 18 கோப்பை மது கொடுக்கப்பட்டதாக அரசுத் தரப்பு பின்னர் சொன்னது. அவர் நிலவறைப் படிக்கட்டில் உருண்டு விழுந்தார். தூக்கிவந்து சோபாவில் கிடத்தினார்கள். மல்லாந்து படுத்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்பதற்காக, புத்தகங்களைத் திணித்த முதுகுப் பை ஒன்றை அவருக்கு மாட்டிவிட்டார்கள். கண்காணிப்புக் கேமராவில் இவையெல்லாம் பதிவாகியிருந்தன. அவசர உதவிக்குத் தொலைபேசி அழைப்பு போனது மறுநாள் காலையில்தான். அதற்குள் அவர் விழுந்து ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகியிருந்தது. மண்டை எலும்பு முறிந்திருந்தது, மண்ணீரல் கிழிந்திருந்தது. அதற்கு அடுத்த நாள் இறந்துபோனார்.

இந்தச் சம்பவத்தில் என்னை உறுத்துவது அந்த முதுகுப் பை. அதை மாட்டியவர்களுக்கு ஆபத்து தெரிந்திருக்கிறது. குடித்தவரை எப்படிப் படுக்கவைக்க வேண்டும் என்ற முதலுதவிப் பாடமும் அரைகுறையாகத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: விதிப்படி அந்த விடுதி மதுவே கூடாத விடுதி.

மாணவர்களின் அளவுமீறிய குடி பற்றிப் பல்கலைக்கழகங்கள் பக்கம் பக்கமாக விதிகள் எழுதி வைத்திருக்கின்றன. முதன்முறை படிப்பவருக்குத் தலை சுற்றும். நான் அவற்றை ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன். இந்த விதி அந்த அறையில் இருந்தவர்களைப் போன் செய்ய வைத்திருக்குமா, அல்லது இன்னும் தயங்க வைத்திருக்குமா?

மொடாக்குடி வேறு, இது வேறு

ஆங்கிலத்தில் 'பிஞ்ச் டிரிங்கிங்' என்பதை மொடாக்குடி என்று சொல்லிவிட்டால் பாதி விஷயம் தவறிப்போகும். மொடாக்குடியன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர் நாள் தவறாமல் குடிப்பவர், குடிக்காவிட்டால் கை நடுங்குபவர். பிஞ்ச் டிரிங்கிங் செய்யும் மாணவரோ வாரத்தில் ஐந்து நாள் ஒரு சொட்டுகூடத் தொடாமல் இருக்கலாம். வகுப்புக்குப் போவார், மதிப்பெண் வாங்குவார், பெற்றோரிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுவார். வெள்ளி இரவு ஒரு முறை, சனி இரவு ஒரு முறை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு முறை ஒரே மூச்சில் நடக்கிறது. எவ்வளவு உள்ளே போகிறது என்பதோடு எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதும் இங்கே முக்கியம். வசதிக்காக இதை 'ஒருமூச்சுக் குடி' என்றே இந்தக் கட்டுரையில் அழைக்கிறேன்.

அமெரிக்காவின் தேசிய மது ஆய்வு நிறுவனம் 2004-ல் இதற்கு ஒரு வரையறை தந்தது. ரத்தத்தில் மதுவின் அளவு 0.08 சதவீதத்தைத் தொடும்படி, அதாவது 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆகும்படி குடிப்பது ஒருமூச்சுக் குடி. சராசரி ஆணுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ஐந்து கோப்பை, பெண்ணுக்கு நான்கு கோப்பை குடித்தால் அந்த எல்லை வந்துவிடும். பெண்களின் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதே மது அவர்கள் ரத்தத்தில் செறிவாகிவிடுகிறது. எண் மாறுவதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

'கோப்பை' என்று நான் சொல்வது கையில் கிடைக்கும் ஏதோ ஒரு கோப்பை இல்லை. 14 கிராம் தூய மது கொண்டதை அமெரிக்காவில் ஒரு 'ஸ்டாண்டர்டு டிரிங்க்' என்று கணக்கிடுகிறார்கள். 5 சதவீத பீராக இருந்தால் 355 மில்லிலிட்டர். 12 சதவீத ஒயினாக இருந்தால் சுமார் 150 மில்லிலிட்டர். 40 சதவீத வோட்காவோ விஸ்கியோ ஆனால் வெறும் 44 மில்லிலிட்டர்.

இப்போது மாணவர் விருந்துகளில் புழங்கும் சிவப்பு பிளாஸ்டிக் கோப்பையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அது ஏறத்தாழ அரை லிட்டர் பிடிக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு வோட்கா ஊற்றி, மீதியைப் பழச்சாறால் நிரப்பிக் கொடுத்தால், குடிப்பவர் மனக்கணக்கில் அது 'ஒன்று'. உடலின் கணக்கில் மூன்றரை. பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் கிடைத்த மதுவையெல்லாம் கொட்டிக் கலக்கி வைத்திருக்கும் விருந்துகளில் ஊற்றுபவருக்கே கணக்குத் தெரியாது. 'நான் இரண்டுதான் குடித்தேன்' என்று ஒரு மாணவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. இரண்டு என்பது அவருக்கு இரண்டுதான்.

உடல் இந்த மதுவை வெளியேற்றும் வேகம் கிட்டத்தட்ட மாறாதது. மணிக்குச் சுமார் 0.015 சதவீதம்தான் குறையும். ஒருவர் இரவு 1 மணிக்கு 0.24-க்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பூஜ்யத்துக்கு இறங்க 16 மணி நேரம் வேண்டும். மறுநாள் மாலை 5 மணிவரை அவர் ரத்தத்தில் மது இருக்கும். கருப்புக் காப்பி, குளிர்ந்த நீர்க் குளியல், கையைப் பிடித்து நடக்க வைப்பது, இவற்றில் எதுவும் ஈரலை அவசரப்படுத்தாது. குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் கிடப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். 'தூங்கட்டும், காலையில் சரியாகிவிடும்' என்று கதவைச் சாத்திவிட்டுப் போகும்போது, உள்ளே இருப்பவரின் நிலை இனிமேல்தான் மோசமாகப் போகிறதா என்பது கதவைச் சாத்துபவருக்குத் தெரியாது. 0.3-க்கு மேல் போனால் மூச்சை இயக்கும் மூளைப் பகுதியே மந்தமாகிவிடலாம்.

இந்த ஐந்து–நான்கு கணக்கைப் பிரபலமாக்கியவர் ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியின் ஹென்றி வெக்ஸ்லர். 1993-ல் அவரது குழு 140 கல்லூரிகளில் ஆய்வு நடத்தியது. முந்தைய இரண்டு வாரங்களில் ஒரு முறையாவது இந்த அளவுக்குக் குடித்ததாக 44 சதவீத மாணவர்கள் சொன்னார்கள். பத்திரிகைகள் அலறின. ஆறு மணி நேர விருந்தில் நிதானமாக ஐந்து பீர் குடித்தவரையும் இந்தக் கணக்கு 'பிஞ்ச்' என்று சேர்த்துக்கொள்கிறதே என்று சிலர் ஆட்சேபித்தார்கள். நியாயமான ஆட்சேபம்தான். நேரத்தையும் ரத்த அளவையும் சேர்த்த 2004 வரையறை அந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது.

பல்கலைக்கழகம் ஏன் இதில் தலையிடுகிறது?

அமெரிக்காவில் மது வாங்கக் குறைந்தபட்ச வயது 21. எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1971-ல் வாக்களிக்கும் வயது 18 ஆனபோது பல மாநிலங்கள் மதுவுக்கும் வயதைக் குறைத்தன. சாலை விபத்துகளில் இளைஞர்கள் இறப்பது பெரும் பிரச்சினையானது. 1984-ல் ரீகன் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது: 21 வயதை ஏற்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கு வெட்டப்படும். 1988-க்குள் 50 மாநிலங்களும் வழிக்கு வந்துவிட்டன.

இதன் விளைவு விசித்திரமானது. இளங்கலைப் படிப்பு நான்கு ஆண்டு. பெரும்பாலான மாணவர்களுக்கு அதில் முதல் இரண்டரை, மூன்று ஆண்டுகள் குடிப்பதே சட்டவிரோதம். கடைசி ஆண்டில் சட்டப்படி உரிமை. ஒரே விடுதி, ஒரே மாடி, பக்கத்துப் பக்கத்து அறை. 19 வயது மாணவரிடம் 'குடித்தால் இப்படிக் குடி, வெறும் வயிற்றில் குடிக்காதே' என்று பல்கலைக்கழகம் வெளிப்படையாகச் சொன்னால் சட்டத்தை மீறச் சொல்லிக்கொடுப்பதாகிவிடும். சொல்லாவிட்டால் அவர் அதை ஒரு ஃபிரட்டர்னிட்டி நிலவறையில் கற்றுக்கொள்வார்.

2008-ல் மிடில்பரி கல்லூரியின் முன்னாள் தலைவர் ஜான் மெக்கார்டெல் முன்னெடுத்த 'அமெதிஸ்ட்' அறிக்கை இதைத்தான் உரக்கச் சொன்னது. 21 வயதுச் சட்டம் வேலை செய்யவில்லை, இதை மறுபடி விவாதிப்போம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரித் தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். சாலை விபத்துத் தரவுகளைக் காட்டி எதிர்த்தவர்களின் கை ஓங்கியது. வயது மாறவில்லை. என்னைக் கேட்டால் இரு தரப்பிலும் உண்மை இருந்தது. வயது வரம்பு சாலையில் உயிர்களைக் காப்பாற்றியது, குடியை அறைக்குள் ஒளித்தும் வைத்தது.

நிதியும் வழக்கும் இன்னொரு பக்கம். 1989-ல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, மத்திய அரசின் நிதி பெறும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் மது விதிகளை ஆண்டுதோறும் எல்லா மாணவருக்கும் ஊழியருக்கும் எழுத்தில் அனுப்பியாக வேண்டும். அந்த விதிகள் பலன் தருகின்றனவா என்று இரண்டாண்டுக்கு ஒருமுறை பரிசீலிக்கவும் வேண்டும். செப்டம்பரில் மாணவர்களுக்கு வரும், யாரும் திறந்து பார்க்காத அந்த நீண்ட மின்னஞ்சலின் கதை இதுதான். வளாகக் குற்றங்களை வெளியிட வேண்டும் என்று சொல்லும் கிளெரி சட்டம், மது விதிமீறல்களின் எண்ணிக்கையையும் கேட்கிறது.

நீதிமன்றங்கள் ஒருகாலத்தில் கல்லூரியைப் பெற்றோர் இடத்தில் வைத்துப் பார்த்தன. 1960-களுக்குப் பிறகு மாணவர்கள் வயதுவந்தவர்கள், கல்லூரி அவர்களின் காவலர் இல்லை என்ற பார்வை வலுத்தது. ஆனால் ஒரு மாணவர் இறந்தால் அந்தத் தத்துவம் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் 1997-ல் ஃபிரட்டர்னிட்டியில் சேர்ந்து சில வாரங்களே ஆன 18 வயது முதலாண்டு மாணவர் ஒருவர் இறந்தார். ரத்தத்தில் மது 0.4-ஐத் தாண்டியிருந்தது. 2000-ல் குடும்பத்துடன் ஏற்பட்ட சமரசத்தில் எம்.ஐ.டி. 60 லட்சம் டாலர் ஒதுக்கியது. 2002 முதல் முதலாண்டு மாணவர்கள் எல்லாரும் வளாக விடுதியில்தான் தங்க வேண்டும் என்ற விதியும் வந்தது. மது விதி என்ற பெயரே இல்லாத மது விதி அது.

புட்டியின் அளவைக் குறைத்தால்?

விதிகளில் கண்ணுக்கு முதலில் தெரிபவை தடைகள். பீப்பாய் பீர் கூடாது, பந்தயம் வைத்துக் குடிக்கும் விளையாட்டுகள் கூடாது, விருந்து வைத்தால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், வாசலில் அடையாள அட்டை பார்த்து மணிக்கட்டில் பட்டை கட்ட வேண்டும். இவை ஏறக்குறைய எல்லா இடத்திலும் உண்டு. பின்னர் கவனம் வோட்கா, விஸ்கி போன்ற கடின மதுவின் பக்கம் திரும்பியது. டார்ட்மத் கல்லூரி 2015-ல் 15 சதவீதமோ அதற்கு மேலோ மது உள்ள எதையும் வளாகத்தில் தடை செய்தது. 21 வயது தாண்டியவர்களுக்கும் அது பொருந்தும். ஃபிரட்டர்னிட்டிகளின் தேசியக் கூட்டமைப்பும் 2019 செப்டம்பரிலிருந்து ஏறக்குறைய இதே வரம்பைத் தன் உறுப்புச் சங்கங்களுக்கு விதித்தது. உரிமம் பெற்ற வெளியாள் விற்றால் மட்டும் விலக்கு.

ஸ்டான்ஃபோர்டு 2016-ல் எடுத்த முடிவு கொஞ்சம் வித்தியாசமானது. இளங்கலை விடுதிகளில் 750 மில்லிலிட்டர் அல்லது அதற்குப் பெரிய கடின மதுப் புட்டிகளுக்கு மட்டும் தடை. அதைவிடச் சிறிய புட்டியை 21 வயதானவர் வைத்துக்கொள்ளலாம். 'பெரிய புட்டி கூடாது, சின்னப் புட்டி நான்கு வைத்துக்கொள்ளலாமா?' என்று ஊரே சிரித்தது. ஆனால் அதன் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. சின்னப் புட்டிக்கு ஒரு கோப்பைக்கு ஆகும் செலவு அதிகம். மேசையில் ஒரு பெரிய புட்டி நின்றால் யார் எவ்வளவு ஊற்றினார்கள் என்று எவருக்கும் தெரியாது. சின்னது சீக்கிரம் தீர்ந்துபோகும், இன்னொன்றை யாராவது வாங்கி வர வேண்டும். மது கைக்கு எட்டும் தூரத்தைச் சற்றே கூட்டினால் குடிக்கும் வேகம் குறையும் என்ற நம்பிக்கை. கேலிக்கு உரியதாக எனக்குத் தோன்றவில்லை.

தடைகளின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. விருந்தில் பீர் மட்டும்தான் என்று தெரிந்தால், புறப்படுவதற்கு முன்பே நாலு பேர் அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு வோட்காவை அவசர அவசரமாக விழுங்கிவிட்டுக் கிளம்புவார்கள். இதற்கு 'பிரீகேமிங்' என்று பெயர். விருந்தில் குறைந்தபட்சம் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தாழிட்ட அறையில் யாரும் இல்லை, காவலர் கதவைத் தட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்துகொள்கிறது. தடை எவ்வளவு கடுமையோ அவ்வளவு வேகமாகக் குடிக்கக் காரணம் கிடைக்கிறது. பென் ஸ்டேட் விடுதி 'மது இல்லாத' விடுதி என்று முன்பே சொன்னேன். மதுவே இருக்கக் கூடாத வீட்டில் ஒருவர் மது குடித்து மயங்கிக் கிடக்கிறார் என்று போன் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும்?

பாடம் நடத்துவது

முதலாண்டு மாணவர்கள் வளாகத்துக்கு வருவதற்கு முன்பே இணையத்தில் ஒரு மதுப் பாடத்தை முடித்தாக வேண்டும் என்பது பல இடங்களில் கட்டாயம். காணொளியை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பது மாணவர்களின் வழக்கம். மது ஆய்வு நிறுவனம் 2015-ல் கல்லூரிகளுக்காக ஓர் ஒப்பீட்டு அட்டவணை வெளியிட்டது. ஒவ்வொரு நடவடிக்கைக்கும் எவ்வளவு செலவு, எவ்வளவு பலன் என்று அதில் மதிப்பிட்டிருக்கிறார்கள். தகவலை மட்டும் சொல்லிக்கொடுப்பது பலனற்றது என்று அதில் பளிச்சென்று போட்டிருக்கிறது. மலிவாகவும் பாதுகாப்பாகவும் தெரிவதாலேயே நிர்வாகங்கள் அதை விடுவதில்லை.

இதைவிடச் சுவையான ஒரு முயற்சி உண்டு. 1986-ல் பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஒரு சிறிய கல்லூரியில் ஒன்றைக் கவனித்தார்கள். குடி விஷயத்தில் மற்ற மாணவர்கள் எவ்வளவு தாராள மனப்பான்மை உள்ளவர்கள் என்று கேட்டால், பெரும்பாலானோர் உண்மையைவிடக் கூட்டியே சொன்னார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியது. ஒரு மாடியில் நாற்பது பேர் இருந்தால், படியில் வாந்தி எடுத்த ஒருவரைப் பற்றித்தான் மறுநாள் பேச்சு. அறையில் படித்துவிட்டுத் தூங்கிய முப்பது பேரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. எல்லாரும் இப்படித்தான் போல என்று நினைத்து, புதிதாக வந்தவர் தன் அளவைக் கூட்டிக்கொள்கிறார். அப்படியானால் உண்மையான எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டினால் போதுமே! வடக்கு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் அப்படிச் செய்து குடி கணிசமாகக் குறைந்ததாக அறிவித்தது. பல கல்லூரிகள் பின்தொடர்ந்தன. பீர் நிறுவனமான ஆன்ஹைசர்-புஷ்ஷும் இதற்குப் பணம் கொடுத்தது. பீர் விற்பவர் மகிழ்ந்து ஆதரிக்கும் திட்டம் பீர் விற்பனையை எவ்வளவு குறைத்துவிடும் என்ற சந்தேகம் எழுவது இயல்பு. வெக்ஸ்லர் குழு 2003-ல் இந்தச் சுவரொட்டித் திட்டம் இருந்த கல்லூரிகளையும் இல்லாதவற்றையும் ஒப்பிட்டு, பலன் தென்படவில்லை என்று எழுதியது. சண்டை இன்றும் முழுதாக ஓயவில்லை.

அதே தகவலை ஒரு மாணவரை எதிரில் உட்காரவைத்து, அவருடைய சொந்த எண்களோடு சொன்னால் கதை மாறுகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆலன் மார்லட் குழு உருவாக்கிய 'பேசிக்ஸ்' என்ற முறை இது. இரண்டே சந்திப்பு. முதலாவதில் அவர் எப்போது, எங்கே, எவ்வளவு குடிக்கிறார் என்று கேட்டுக்கொள்கிறார்கள். இரண்டாவதில் அதையே ஒரு தாளில் அச்சிட்டுத் தருகிறார்கள்: போன சனிக்கிழமை உங்கள் ரத்த அளவு இவ்வளவுக்குப் போயிருக்கும், உங்கள் வகுப்பில் உங்களைவிடக் குறைவாகக் குடிப்பவர்கள் இத்தனை சதவீதம், மதுவுக்கு மாதம் இவ்வளவு செலவழிக்கிறீர்கள். 'குடிக்காதே' என்று யாரும் சொல்வதில்லை. பலன் நிறுவப்பட்ட சில முறைகளில் இது ஒன்று. ஆனால் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். சுவரொட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.

போன் செய்தவருக்குத் தண்டனை இல்லை

நான் முதலில் கேட்ட கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் விதி இது. 'மருத்துவ மன்னிப்பு' என்றோ, விவிலியக் கதையை வைத்து 'நல்ல சமாரியன் கொள்கை' என்றோ பெயர். சாரம் எளிது. மது விஷமான ஒருவருக்காக உதவி கேட்டால், அழைத்தவர் மீதும் பாதிக்கப்பட்டவர் மீதும் குடித்ததற்காகப் பல்கலைக்கழக ஒழுங்கு நடவடிக்கை கிடையாது.

கார்னெல் பல்கலைக்கழகம் 2002-ல் இதைக் கொண்டுவந்து, பிறகு என்ன நடந்தது என்று கணக்கும் எடுத்தது. குடிக்கும் அளவு பெரிதாக மாறாதபோதும் மது தொடர்பான அவசர அழைப்புகள் கூடின. மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தால் அழைக்கவில்லை என்று சொன்னவர்கள் குறைந்தார்கள். மருத்துவமனைக்குப் போய்வந்தவர்களில் பிறகு ஆலோசனைக்கு வந்தவர்களின் பங்கு இருமடங்குக்கு மேல் உயர்ந்தது. மாணவர்களுக்குத் துணிச்சல் வந்து இன்னும் குடிப்பார்கள் என்று பயந்தவர்களுக்கு இது ஒரு பதில். அழைப்புகள் கூடின என்ற செய்தியை மட்டும் படித்துவிட்டு 'ஐயோ, நிலைமை மோசமாகிவிட்டது' என்று முடிவுகட்டிவிடக் கூடாது. முன்பு கதவுக்குள் கிடந்தவர்கள் இப்போது கணக்கில் வருகிறார்கள்.

ஆனால் 'மன்னிப்பு' என்ற சொல் தருகிற அளவுக்கு இது விசாலமானது இல்லை. அடிக்குறிப்புகளில்தான் விஷயம். பெரும்பாலான இடங்களில் பிறகு ஆலோசகரைச் சந்தித்தே ஆக வேண்டும், சந்திக்காவிட்டால் மன்னிப்பு போய்விடும். ராகிங், தாக்குதல், பாலியல் வன்முறை, பொருட்சேதம் எதற்கும் இது பொருந்தாது. அழைத்த தனிநபருக்கு மன்னிப்பு உண்டு, விருந்து நடத்திய சங்கத்துக்கு உண்டா என்பது இடத்துக்கு இடம் மாறும். கடைசியாகச் சொன்னதுதான் பெரிய ஓட்டை. ஃபிரட்டர்னிட்டியில் ஒருவர் தயங்குவது பெரும்பாலும் தனக்காக இல்லை. 'வீட்டை மூடிவிடுவார்கள்' என்பதே அங்கே பயம். சங்கத்துக்கும் ஓரளவு சலுகை தராத விதி அந்த நிலவறைக்குள் எட்டாது என்றே நினைக்கிறேன். தவறு செய்த சங்கம் தப்பிவிடுமே என்ற மறுவாதம் எனக்கும் புரிகிறது. குடிக்கவைத்ததற்குத் தண்டனை கொடுங்கள், அழைத்ததைத் தண்டனையைக் குறைக்கும் காரணமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சில பல்கலைக்கழகங்கள் நடுவழி கண்டிருக்கின்றன.

காவல்துறை தனி. பல்கலைக்கழக மன்னிப்பு அதைக் கட்டுப்படுத்தாது. வயதுக்கு முன் குடித்ததற்காக அழைத்தவர் மீது வழக்குப் போடக் கூடாது என்ற மாநிலச் சட்டம் பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது. ஆனால் எவ்வளவு தூரம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஆம்புலன்ஸ் கட்டணத்துக்கும் மன்னிப்பு இல்லை! பெற்றோருக்குத் தெரியவே கூடாது என்று நினைத்தவர்கள், காப்பீட்டு நிறுவனம் வீட்டுக்கு அனுப்பும் கணக்குத் தாளில் மாட்டிக்கொள்வதுண்டு.

பெற்றோர் பற்றிய பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 18 வயது மாணவரின் கல்விப் பதிவுகளை அவர் சம்மதமின்றிப் பெற்றோருக்குக்கூடக் காட்டக் கூடாது என்பது பொது விதி. 1998-ல் அதில் ஒரு விலக்கு வந்தது. 21 வயதுக்குக் குறைந்தவர் மது அல்லது போதைப்பொருள் விதியை மீறினால் பல்கலைக்கழகம் விரும்பினால் பெற்றோருக்குத் தெரிவிக்கலாம். 'தெரிவிக்கலாம்' என்பதைக் கவனியுங்கள், கட்டாயம் இல்லை. சில இடங்களில் முதல் தவறுக்கே கடிதம் போகும், சில இடங்களில் ஒருபோதும் போகாது.

வளாகத்துக்கு வெளியிலும் நாட்காட்டியிலும்

விதி என்றால் தண்டனை விதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். மிசௌரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-ல் காட்டியது: வெள்ளிக்கிழமை காலை வகுப்பு இருக்கும் மாணவர்களைவிட, அன்று வகுப்பே இல்லாதவர்கள் வியாழன் இரவு கூடுதலாகக் குடித்தார்கள். வெள்ளி எட்டு மணி வகுப்பை ஒழித்துவிட்ட பேராசிரியர்கள் தங்களை அறியாமலேயே வார இறுதியை ஒரு நாள் நீட்டிவிட்டார்கள். அயோவா சிட்டியில் 2010 முதல், 21 வயதாகாதவர்கள் இரவு 10 மணிக்கு மேல் மதுக்கூடத்தில் இருக்கக் கூடாது. விதி போட்டது நகர மன்றம், பின்னால் நின்று ஆதரித்தது பல்கலைக்கழகம்.

எனக்கு மிகவும் பிடித்தது மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் கதை. 2011-ல் அவர்கள் தங்கள் அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்குள் பீர் விற்க ஆரம்பித்தார்கள். விற்பதா, தடுப்பதா என்று கேட்டால் யாரும் விற்பதைத் தீர்வாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் கூடவே இன்னொரு விதியையும் போட்டார்கள்: ஆட்டத்தின் நடுவில் வெளியே போய்த் திரும்பி வர முடியாது. அதுவரை இடைவேளையில் ஆயிரக்கணக்கானோர் வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடி, பத்து நிமிடத்தில் கடின மதுவை ஊற்றிக்கொண்டு திரும்பி வருவார்கள். இப்போது வரிசையில் நின்று, விலை கொடுத்து, ஒரு பீர். மது தொடர்பான காவல்துறைச் சம்பவங்கள் குறைந்தன. ஒருமூச்சுக் குடியின் மூச்சை அந்த வரிசை இழுத்துப் பிடித்துவிட்டது.

நீங்களோ உங்கள் பிள்ளையோ போகிறீர்கள் என்றால்

கையேட்டில் மது விதிகளை முழுதும் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் மருத்துவ மன்னிப்புப் பகுதியை மட்டுமாவது படியுங்கள். அழைத்தவர், பாதிக்கப்பட்டவர், சங்கம் மூவரில் யார் யாருக்குப் பாதுகாப்பு, இரண்டாம் முறைக்கும் அது உண்டா என்று பாருங்கள். வளாகத்துக்கு வெளியே வாடகை வீட்டில் நடந்தால் விதி பொருந்துமா என்பதையும் பாருங்கள். பெரும்பாலான விருந்துகள் அங்கேதான் நடக்கின்றன. வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒன்று கூடுதலாக: குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், தீர்ப்பு வருவதற்கு முன்பே விசா ரத்து செய்யப்படலாம். எந்தப் பல்கலைக்கழக மன்னிப்பும் அங்கே உதவாது.

முதல் ஆறு வாரங்கள் மிக ஆபத்தானவை என்று மது ஆய்வு நிறுவனம் சொல்கிறது. புதிய ஊர், யாரையும் தெரியாது, எல்லாரிடமும் நல்ல பெயர் வாங்க வேண்டும். நீட்டுகிற கோப்பையை வேண்டாம் என்று சொல்ல நாக்கு வராத நாட்கள் அவை.

எழுப்பினால் எழவில்லை, மயக்கத்திலேயே வாந்தி, நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவான மூச்சு, ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பத்து நொடிக்கு மேல் இடைவெளி, வலிப்பு, சில்லிட்ட தோல், நீலம் பாய்ந்த உதடு. உதவிக்கு அழைக்க இவற்றில் ஒன்றே போதும், எல்லாம் சேர்ந்து வரும்வரை காத்திருக்கக் கூடாது. பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டு, தனியே விடாமல், 911 என்று மூன்று எண்களை அழுத்த வேண்டும். மறுமுனையில் இருப்பவர் முதலில் கேட்பது எங்கே இருக்கிறீர்கள் என்று. பிறகு, அவருக்கு நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா என்று.